வாப்பாவின் ஒரு கேள்வி



வாப்பா மௌத்தாகி இன்றோடு ஒரு வருடம். எழுத நினைத்தும் இதுவரை கை வரவில்லை.

வாப்பா ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். மருதமுனையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் தறி. சாரன் நெய்வார். பக்கத்தில் எப்போதும் றேடியோ பாடிக்கொண்டிருக்கும். இரவில் பிபிசி தமிழோசை கேட்காமல் படுக்க மாட்டார். கடையில் சாமான் சுற்றித் தந்த பேப்பரைக்கூட நிமிர்த்தி வாசித்துவிட்டுத்தான் வீசுவார். நான் ஆசிரியையானதும் அவரது கேள்விகளெல்லாம் என் பக்கம் திரும்பின. "பனாமாக் கால்வாயில கப்பல் மேல ஏறி இறங்குதாமே, எப்படி மகள்?"

2004 டிசம்பர் 26 எங்கள் ஊரை என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாப்பாவின் தங்கச்சியையும் அவவின் இரண்டு பிள்ளைகளையும் கடல் கொண்டுபோனது. தறியும் போனது.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள் கேட்டார்: "தாய்லாந்தில முதல்ல கடல் வத்தின எண்டு றேடியோவில சொன்னான். நம்மட ஊர்ல அப்படி வத்தல்லியே, நேரா வந்திச்சே. ஏன் மகள்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனமில்லை. "எல்லாம் அல்லாஹ்ட நாட்டம் வாப்பா" என்றேன்.

"நாட்டம் எண்டு எனக்கும் தெரியும். எப்படி எண்டுதான் கேக்கிறன்" என்றார்.

நான் குசினிக்குள் போய்விட்டேன். அவரும் பிறகு கேட்கவில்லை.

2012 ஏப்ரல் 11 பின்னேரம் சுமாத்திராப் பக்கம் கடலுக்குள் 8.6 அளவில் நிலநடுக்கம். எச்சரிக்கை வந்ததும் ஊரே ஓடியது. நாங்கள் சம்மாந்துறையில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தோம். அன்றிரவு அதே கேள்வியை மீண்டும் கேட்டார். ஏழு வருடமாக மனதில் வைத்திருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அந்தக் கிழமையே தேடி வாசித்தேன்.

2004இல் கடலுக்கடியில் 1000 கிலோமீற்றருக்கும் அதிகமான நீளத்துக்கு நிலம் உடைந்தது. உடைப்பின் மேற்குப் பக்கம் கடலடி எழும்பியது. கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. தாய்லாந்து இருப்பது தாழ்ந்த பக்கம். அதனால் அங்கே முதலில் கடல் வற்றியது. நாங்கள் எழும்பிய பக்கம். எங்களுக்கு முதலில் வந்ததே அலைதான்.

வாப்பா படுக்கை விரிப்பை எடுத்து, ஒரு பக்கத்தை உயர்த்தி, மறுபக்கத்தைத் தாழ்த்திப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"அப்ப கடல் வத்தினாத்தான் ஓடணும் எண்டு புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்காத மகள். நம்மட கடல் வத்தாமலும் வரும்."

என் பாடப் புத்தகத்தில் அந்த வரி இல்லை. ஒவ்வொரு வருடமும் சுனாமிப் பாடம் நடத்தும்போது அதைச் சேர்த்தே சொல்கிறேன். எச்சரிக்கை வந்தால் ஓடுங்கள், கடலைப் பார்க்கப் போகாதீர்கள் என்று. இது வாப்பா சொன்னது என்றும் சொல்வேன்.

உங்கள் வீட்டிலும் கேள்வி கேட்கும் ஒரு வாப்பா இருப்பார், உம்மா இருப்பார். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து தேடுங்கள். நான் ஏழு வருடம் பிந்தினேன். அவர் காத்திருந்தது என் அதிர்ஷ்டம்.

யா அல்லாஹ், எங்கள் வாப்பாவின் பிழைகளைப் பொறுத்து, அவரது கப்றை விசாலமாக்கி, ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்குவாயாக. ஆமீன். நீங்களும் ஒரு துஆ செய்யுங்கள்.