யாரோ செய்த யாரோஸே

'யாரோஸே'ன்னா ஜப்பானிய மொழியில "வாங்கப்பா, ஒரு கை பாத்துருவோம்"ங்கற மாதிரி அர்த்தம். நம்ம காதுல விழறது என்னவோ 'யாரோ'ன்னுதான். அந்த யாரோ ஒருத்தரும் இந்தக் கதையில வர்றார், கொஞ்சம் பொறுங்க.

பிளேஸ்டேஷன் தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த அந்தச் சாம்பல் நிறப் பெட்டி. அதில் விளையாடறது சுலபம். அதற்கு விளையாட்டு எழுதறது? அது சோனியோடு ஒப்பந்தம் போட்ட கம்பெனிகளுக்கு மட்டும்தான். அவங்களுக்குக் கொடுத்த சாதனமே வேற. கம்ப்யூட்டருக்குள்ள செருகற பெரிய பெரிய போர்டுகள். ராத்திரி சாப்பிட்டுட்டு வீட்டில் உட்கார்ந்து கோடு எழுதற தனி ஆளுக்கு அதெல்லாம் எட்டாக்கனி.

அந்தக் கதவை சோனியே கொஞ்சம் திறந்து விட்டது. 1996-ல் ஜப்பானிலும், 1997-ல் அமெரிக்கா, ஐரோப்பாவிலும் 'நெட் யாரோஸே' என்ற பெயரில் ஒரு கறுப்பு பிளேஸ்டேஷனை யார் வேணும்னாலும் வாங்கலாம்னு விற்றார்கள். அமெரிக்காவில் விலை சுமார் 750 டாலர். பெட்டிக்குள்ள கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரு சீரியல் கேபிள், ஒரு பூட் டிஸ்க், மெமரி கார்டு மாதிரியே இருக்கிற ஒரு ஆக்சஸ் கார்டு, கம்பைலர் இருக்கிற சிடி, தடி தடியா புத்தகங்கள். சி மொழி தெரிஞ்சா போதும், களத்தில் இறங்கிடலாம். 'டெவில் டைஸ்'னு ஒரு பகடை விளையாட்டு கடைகளில் விற்றதே, அது இப்படி ஒரு யாரோஸே முயற்சியாகத் தொடங்கினதுதான்.

சரி, கதைக்கு வருவோம்.

போன வருஷம் ஒரு ஏலத்தில் ஐரோப்பிய மாடல் யாரோஸே ஒன்று கண்ணில் பட்டது. விற்றவர் இங்கிலாந்துக்காரர். "மின்சாரம் ஏறுது. அதுக்கு மேல சோதிக்கலை"ன்னு எழுதியிருந்தார். பழைய சாமான் வாங்கறவங்களுக்குத் தெரியும், இந்த வாக்கியத்துக்கு "ஓடலை"ன்னு அர்த்தம் :-) விலையும் அதுக்கேத்த மாதிரி இருந்ததால வாங்கிட்டேன். பார்சலைப் பிரிச்சா, புத்தகங்களுக்கு நடுவில் மூணு ஃபிளாப்பி. ஒவ்வொண்ணுலயும் பென்சிலில் 1, 2, 3ன்னு எண் மட்டும். அவருக்கு மெயில் போட்டுக் கேட்டேன். "ஒரு காலத்தில் ஒரு விளையாட்டு எழுத ஆரம்பிச்சேன். பாதியில விட்டுட்டேன். தேவையில்லைன்னா தூக்கிப் போட்டுடுங்க"ன்னு பதில் வந்தது.

தூக்கிப் போட மனசு வருமா? யு.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவில் போட்டுப் பார்த்தேன். மூணுல ரெண்டு முழுசா படிச்சது, மூணாவது அஞ்சாறு தடவை மக்கர் பண்ணிட்டுப் படிச்சது. சி கோப்புகள், டிம் வகைப் படங்கள், எந்தக் கோப்பு நினைவகத்தில் எந்த முகவரிக்குப் போகணும்னு வரிசையா எழுதின ஒரு பட்டியல். கடைசிக் கோப்பின் தேதி 1998 நவம்பர். ஒரு மனுஷனின் ஒன்றரை வருஷ ராத்திரிகள் அதுல இருந்தது. அதை அது பிறந்த மெஷினிலேயே ஓட்டிப் பார்க்கணும்னு ஒரு வெறி வந்துடுச்சு.

எலெக்ட்ரானிக்ஸில் கெட்டிக்காரனான நண்பன் ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட சொன்னேன்.

"எமுலேட்டர்ல ஓட்டிப் பாத்துட்டுப் போடா. எதுக்கு இந்தப் பாடு?"

"எமுலேட்டர்ல ஓடலைன்னா தப்பு கோட்லயா எமுலேட்டர்லயான்னு எப்படிடா தெரியும்?"

"அப்ப லேசரை மாத்திடு. பழைய பிளேஸ்டேஷன்னா தொண்ணூறு சதவீதம் லேசர்தான்."

எல்லாரும் சொல்ற வைத்தியம்தான். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. இப்ப கிடைக்கிற மாற்று லேசர்கள் ஒண்ணு இருக்கிற மாதிரி இன்னொண்ணு இருக்கறதில்லை. பழசு உயிரோட இருந்தா அதை வைத்துக்கொள்வதே மேல். அது உயிரோட இருக்கான்னு முதல்ல தெரியணும் இல்லையா?

நோய் என்னன்னா இதுதான்: பவர் போட்டா வெள்ளைத் திரையில் சோனி சின்னம் வருது. அதுக்கு அப்புறம் வரவேண்டிய கறுப்புத் திரை வரலை. உள்ளே டிஸ்க் சுத்துது, நிக்குது, மறுபடி சுத்துது, நடுநடுவே 'டிக்... டிக்...'

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். யாரோஸேயில் நம்ம புரோகிராம் சிடியில் இருந்து வருவதில்லை, சீரியல் கேபிள் வழியாத்தான் வரும். ஆனா மெஷின் அந்த நிலைக்கு வரணும்னா பூட் டிஸ்க் ஓடியே ஆகணும். கிராஃபிக்ஸ், ஒலி எல்லாத்துக்கும் வேண்டிய நூலகத்தை அந்த டிஸ்க்தான் நினைவகத்தில் ஏற்றி வைக்கும். மொத்தமே 2 எம்.பி. நினைவகம். அதுல நூலகத்துக்குப் போக மிச்சம்தான் நமக்கு. ஆக, டிஸ்க் படிக்கலைன்னா கேபிளும் கார்டும் இருந்தும் பிரயோசனமில்லை. வாசற்கதவு திறக்காத வீட்டுக்குள்ள அடுப்பு எரிஞ்சா என்ன, எரியாட்டி என்ன!

இன்னொரு கவலையும் இருந்தது. அந்தப் பூட் டிஸ்க்கை நம்ம சிடி ரைட்டரில் நகல் எடுத்தா மெஷின் ஏத்துக்காது. அசல் டிஸ்க்கின் தடத்தில் தொழிற்சாலையில் பதிச்ச ஒரு அடையாளம் இருக்கு. சாதாரண ரைட்டரால் அதை எழுத முடியாது. கீறல் விழுந்தா போச்சு. அதனால முதல் வேலையா பூட் டிஸ்க்கை எடுத்து உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். சோதனைக்கு ஒரு பழைய பாட்டு சிடி, ஒரு மலிவான விளையாட்டு சிடி. யாரோஸேக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, எந்த ஊர் பிளேஸ்டேஷன் சிடியும் அதில் ஓடும். நமக்கு வசதியாப் போச்சு.

முதல் சோதனை, பவர் சப்ளை. பெட்டியைத் திறக்கிறவங்க கவனிக்கணும்: பிளேஸ்டேஷனில் பவர் சப்ளை உள்ளேயேதான் இருக்கு. பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அவசரப்பட்டுக் கை வைக்காதீங்க. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததில் 7.5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 7.6, 3.5 வரவேண்டிய இடத்தில் 3.5. பழுதில்லை.

இரண்டாவது, டிஸ்க் இல்லாமல் பவர் போட்டேன். மெமரி கார்டு, சிடி பிளேயர்னு ரெண்டு தேர்வுகளோடு அந்தப் பழைய மெனு பளிச்னு வந்தது. பிராசஸர், நினைவகம், படம் காட்டற சிப் எல்லாம் நலம்.

மூணாவது, பாட்டு சிடி. ரொம்ப நேரம் முக்கி முனகி, பாட்டுகளின் பட்டியலைக் கண்டுபிடிச்சது. முதல் பாட்டு விக்கி விக்கி நின்னுடுச்சு. ரெண்டாவதும் அப்படியே. பத்தாவது பாட்டைப் போட்டேன். தங்கு தடையில்லாமல் பாடுச்சு! இதுதான் துப்பு. சிடியில் முதல் பாட்டு உள்பக்கம், கடைசிப் பாட்டு வெளி ஓரம். லேசர் பலவீனமா இருந்தா எல்லாப் பாட்டும் திணறணும். உள்பக்கம் மட்டும் திணறுதுன்னா லேசர் மேல சந்தேகப்படறதுக்கு முன்னாடி லேசர் நகர்கிற பாதையைப் பார்க்கணும்.

நாலாவது சோதனை கொஞ்சம் வேடிக்கையானது. விளையாட்டு சிடியைப் போட்டு, மெஷினை அப்படியே தலைகீழாக் கவிழ்த்து வைச்சேன். பவர் போட்டேன். வெள்ளைத் திரை... கறுப்புத் திரை... விளையாட்டு ஆரம்பிச்சுடுச்சு! பழைய பிளேஸ்டேஷன் வைத்திருந்தவங்களுக்கு இந்த வித்தை நல்லாத் தெரியும். லேசரைச் சுமந்துக்கிட்டு முன்னும் பின்னும் போற வண்டி பிளாஸ்டிக் தடத்தில் உரசி உரசி நகரும். வருஷக்கணக்கில் உரசினா தடம் தேயும். தேய்ஞ்ச இடத்தில் வண்டி சாயும், லேசர் கோணலாப் பார்க்கும். கவிழ்த்து வைச்சா எடை மறுபக்கம் விழும், தேயாத பக்கம் தாங்கிக்கும், பார்வை நேராயிடும். டிஸ்க்கின் உள்பக்கத்தில்தான் லேசருக்கு எப்பவும் வேலை அதிகம். ஒவ்வொரு தடவை பவர் போடும்போதும் அங்கேதான் முதல்ல போய் நிற்கும். அதனால அந்த இடம்தான் அதிகமாத் தேய்ஞ்சிருக்கு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது, வயசுக் கோளாறு.

நண்பனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப லேசர் நல்லாத்தான் இருக்கா? பொழைச்சே போ"ன்னான்.

டிரைவைக் கழற்றிப் பார்த்தேன். பழைய கிரீஸ் காய்ஞ்சு பிசின் மாதிரி ஆகியிருந்தது. லேசர் மேல இருக்கிற குட்டித் திருகில் தொழிற்சாலை வைச்ச பசை அப்படியே இருந்தது. அதை யாரும் திருகலை, நானும் தொடலை. லென்ஸை உலர்ந்த பஞ்சால் லேசாகத் துடைத்து, பழைய கிரீஸை வழித்தெடுத்து, பிளாஸ்டிக்கைப் பாதிக்காத புது கிரீஸ் கொஞ்சமாப் பூசினேன். தேய்ஞ்ச தடத்தின் மேல் ஒரு மெல்லிசான வழுவழுப்பான பிளாஸ்டிக் பட்டை. பட்டை பாதி தூரத்தோட நின்னா அந்த விளிம்பில் வண்டி இடிக்கும், அதனால தடத்தின் முழு நீளத்துக்கும் வெட்டி ஒட்டினேன். நாளைக்கு யாராவது பிரிக்கணும்னாலும் உரிச்சு எடுத்துடலாம். மெஷினை நேரா வைச்சு முதல் பாட்டைப் போட்டேன். பாடுச்சு. விளையாட்டு சிடி ஓடுச்சு. பத்து தடவை அணைச்சு அணைச்சுப் போட்டுப் பார்த்தேன், பத்து தடவையும் ஓடுச்சு. அதுக்கு அப்புறம்தான் அலமாரியைத் திறந்து பூட் டிஸ்க்கை வெளியே எடுத்தேன். ஆக்சஸ் கார்டின் முனைகளை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைச்சுச் செருகினேன்.

யாரோஸே எழுந்துச்சு!

ஆனா கம்ப்யூட்டரோட பேச மாட்டேங்குது. ஒரு கோளாறுக்குப் பின்னால இன்னொரு கோளாறு ஒளிஞ்சிருக்கும்கறது ரிப்பேர்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. இதுக்குன்னே வைத்திருந்த விண்டோஸ் 98 லேப்டாப், அதில் நிஜ சீரியல் போர்ட். அந்தப் பக்கம் சந்தேகம் இல்லை. கேபிளில் ஒவ்வொரு கம்பியா மல்டிமீட்டர் வைத்தேன். பீப், பீப்... ஒரு கம்பியில் மட்டும் சத்தமே இல்லை. கனெக்டருக்குப் பக்கத்தில், மடங்கி மடங்கி, உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. அந்த இடத்தை வெட்டி, சால்டர் பண்ணி மூடினேன்.

மூணு ஃபிளாப்பியும் சேர்த்து அனுப்ப வேண்டியது கிட்டத்தட்ட 600 கே.பி. வினாடிக்கு 115200 பிட் வேகத்தில் ஒரு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த ஒரு நிமிஷம் இருக்கே... பரீட்சை ரிசல்ட் பேப்பருக்குக் காத்திருந்த மாதிரி இருந்தது.

திரையில் ராத்திரி. ஒரு மலைக்கிராமம். கையில் லாந்தர் வைத்த ஒரு பையன். விளக்கின் வெளிச்சம் அவன் நடக்க நடக்கச் சுவர்களில் நகர்ந்தது. அந்த மெஷினில் தனி ஆளா இதைச் செய்ய என்ன பாடுபட்டிருப்பார்னு நினைச்சுக்கிட்டே நடந்தேன். ஊரைத் தாண்டி ஒரு மரப்பாலம். பையன் பாலத்தில் கால் வைத்தான். திரை உறைஞ்சு போச்சு. மறுபடி ஏற்றினேன். மறுபடி அதே இடம். மெஷினில் கோளாறு மிச்சம் இருக்கோன்னு விளையாட்டு சிடியை ரெண்டு மணிநேரம் ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை.

போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். "உங்க பையன் நடக்கறான்"னு ஒரு வரி மட்டும். அரைமணி நேரத்தில் பதில்:

"பாலத்துக்கிட்ட நின்னுட்டானா?"

அவ்வளவுதான். வணக்கம் இல்லை, நலமா இல்லை. கால் நூற்றாண்டுக்கு மேல ஆகியும் அந்தப் பாலம் அவருக்குள்ள அப்படியே இருந்திருக்கு. தூக்கிப் போட்டுடுங்கன்னு சொன்ன மனுஷன்! அங்கே ஏன் உறையுதுன்னே கண்டுபிடிக்க முடியாமத்தான் விட்டாராம். கோப்புகள் எல்லாத்தையும் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன்.

மூணு வாரம் கழிச்சு ஒரே ஒரு சி கோப்பு வந்தது. ரெண்டு வரி மாறியிருந்தது. கம்பைல் பண்ணி ஏத்தினேன். பையன் பாலத்தில் கால் வைத்தான். நடந்தான். அந்தக் கரைக்குப் போயிட்டான். அங்கே ஒண்ணுமே இல்லை, வெறும் இருட்டு. எழுதி நிறுத்தின இடம் அது. அவருக்கு எழுதினேன்.

"தெரியும். அந்தப் பக்கத்தை அடுத்த மாசம் தர்றேன். மெஷினைப் பத்திரமா வைச்சிருங்க"ன்னு பதில் வந்திருக்கு.

வைச்சிருக்கேன்.