பரிசலில் ஒரு காலை

ஓடம், தோணி, படகு ஆகிய எல்லாவற்றுக்கும் முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு உண்டு. பரிசலுக்கு மட்டும் அவை கிடையா. எந்தத் திசையில் நகர்கிறதோ அதுவே அதற்கு முன்பக்கம். ஆகையால் அவசரக் காரியம் உள்ளவர்கள் அதில் ஏறாமலிருப்பதே நலம். சித்திரை விடுமுறையில் நண்பர்கள் மூவருடன் ஒகேனக்கல் சென்ற நமக்கோ அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.

கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. பாறையில் மோதிய நீர் திவலையாகிப் புகைபோல் எழும்புவதால் ஊருக்கு அந்தப் பெயர் வாய்த்தது. சின்னாறு பரிசல்துறையில் காலை எட்டு மணிக்கு மிதவைச் சட்டையைப் பூட்டிக்கொண்டு ஏறினோம். மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல் முடைந்து, முற்காலத்தில் அடியில் தோலைப் போர்த்துவார்களாம். இக்காலத்தில் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் அந்த வேலையைச் செய்கின்றன. முழங்காலைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் அசைந்தால் நால்வரும் அசைவோம்!

இருபுறமும் பாறைச் சுவர்கள் ஓங்கி நிற்க, நடுவே பச்சை நிறத்தில் காவேரி உறங்குவதுபோல் கிடந்தது. அக்கரை கர்நாடகம். நீர்க்காகம் ஒன்று பாறைமேல் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. அதற்கு எந்த மாகாணம் என்று யாரும் கேட்கவில்லை. தின்பண்டங்களை ஏற்றிய கடைப் பரிசல் ஒன்று எதிரே வந்து எங்களோடு ஒட்டி நின்றது. நதியின் நடுவில் பேரம் பேசி முறுக்கு வாங்கும் இன்பம் பட்டணவாசிகளுக்கு ஏது?

நண்பர்களில் ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி. மேட்டூர் அணையை வழக்கம்போல் ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்களா என்ற கவலை அவருக்கு ஓயவில்லை. 2018-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பின்படி தமிழகத்துக்கு ஆண்டுதோறும் 177.25 டி.எம்.சி. ஜலம் வரவேண்டும். அதை அளக்கும் பிலிகுண்டுலு இங்கிருந்து சற்று மேலேதான் இருக்கிறது.

"ஆற்றில் லட்சம் கன அடி ஓடினால் எப்படி இருக்கும்!" என்றார் நண்பர் ஆசையோடு.

ஊட்டமலையைச் சேர்ந்த பரிசல்காரர் துடுப்பை நிறுத்தினார். "2018-லேயும் 2024-லேயும் அப்படித்தான் ஓடிச்சு, சாமி. வெள்ளம் வந்தா பரிசல் ஓட்டக் கூடாதுன்னு கலெக்டர் உத்தரவு. அடுப்பு எரியறதும் அன்னியோட நின்னுரும். தண்ணி அடியோட வத்தினாலும் பாறை தட்டும். அப்பவும் அதே கதைதான். பையன் ஓசூர்லே கம்பெனி வேலைக்குப் போயிட்டான்."

நண்பர் பேசவில்லை. தம்முடைய குறுவைப் பயிருக்கு உயிரான வெள்ளம் இன்னொருவர் வீட்டில் உலையை இறக்கிவிடும் என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை போலும், நாமுந்தான். பரிசல்காரரே சிரித்துக்கொண்டு, "உங்க வயலுக்குப் போற தண்ணிதானே, தாராளமாப் போகட்டும். பத்து நாள்லே போயிட்டா எங்களுக்கும் சௌகரியம்" என்றார். பிறகு, நாங்கள் கேளாமலே பரிசலைப் பம்பரமாகச் சுழற்றிவிட்டார். வானமும் பாறையும் சுற்றின. முறுக்குப் பொட்டலம் ஜலத்தில் விழுந்தது.

சிறிது தூரத்தில் பாறைகள் வழியை மறித்தன. எங்களை இறக்கிவிட்டு, பரிசலைக் குடைபோல் கவிழ்த்துத் தலையில் தாங்கி அவர் நடந்தார். துடுப்பை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் நண்பர் பின்னால் சென்றார்.