ஒடிக்கும்போது வரும் சத்தம்

கோயம்புத்தூர் கணபதியில், லேத் பட்டறைகள் நெருங்கி நிற்கும் தெரு ஒன்றில் இருக்கிறது அந்தக் கார் பட்டறை. தகரக் கூரை, சுவரில் அளவு வாரியாகத் தொங்கும் ஸ்பேனர்கள், வேலை பழகும் இரண்டு பையன்கள். நடத்துபவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. சத்தத்தை வைத்தே பழுதைப் பிடிப்பவர் என்று கேள்விப்பட்டு, அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்கப் போயிருந்தேன்.

அன்று காலை ஒரு பழைய சின்னக் கார் வந்தது. திரும்பும்போதெல்லாம் முன்பக்கத்தில் 'டக் டக்' என்று அடிக்கிறதாம். வேறொரு பட்டறையில் ஸ்டெபிலைசர் லிங்க்கை மாற்றியும் போகவில்லை. பட்டறைக்காரர் ஜாக்கியை எடுக்கவில்லை, விசாரிக்க ஆரம்பித்தார்.

"நிக்கறப்ப ஸ்டீயரிங் திருப்புனா வருதுங்களா, ஓடறப்ப மட்டும் வருதுங்களா? பள்ளத்துல இறங்குனா? ரிவர்ஸ்ல?"

ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு பாகம் இருக்கிறது. நிற்கும் வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஒற்றை 'டப்' கேட்டால், ஸ்டிரட்டின் மேல் மவுண்ட்டில் உள்ள பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அது இறுகிவிட்டால் சுருள்வில் தடையில்லாமல் திரும்ப முடியாமல் முறுக்கிக்கொண்டு, சட்டென்று விடுபடும். மேடு பள்ளத்தில் 'கடக்' என்றால் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், ஸ்டெபிலைசர் லிங்க். ஓடும்போது, திரும்பினால் மட்டும், வேகம் கூடக் கூட நெருக்கமாக அடித்தால் ஆக்ஸிலின் வெளி ஜாயிண்ட்.

அப்புறம் சோதனை. பையன் ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப, இவர் சக்கரத்துக்கு மேலே கையை விட்டு சுருள்வில்லைத் தொட்டுப் பார்த்தார். அதிர்வு இல்லை. வண்டியைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பிறகு இடமும் வலமும். பால் ஜாயிண்ட்டிலும் டை ராடிலும் ஆட்டம் இல்லை.

"கண்ணு, ரைட்ல ஃபுல்லா ஒடிச்சு மெதுவா ஒரு வட்டம் போடு."

பக்கத்துக் காலி மனையில் கார் வட்டமடித்தது. வலது வட்டத்தில் தெளிவாக 'டக் டக் டக்'. இடது வட்டத்தில் மௌனம். வலப்பக்கம் திரும்பினால் வெளிவட்டத்தில் ஓடுவது இடது சக்கரம். பாரம் அதன் மேல்தான் அதிகம். முதல் சந்தேகம் அந்தப் பக்க ஜாயிண்ட்டின் மேல் விழுந்தது. "ஆனா காதை மட்டும் நம்பக் கூடாதுங்க. சத்தம் பாடி தகடு வழியா எங்கெங்கயோ ஓடும்" என்றபடி டார்ச்சோடு கீழே குனிந்தார். இடது பக்க ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் மடிப்போரம் கிழிந்திருந்தது. ரிம்மின் உட்புறமெங்கும் கறுப்பு கிரீஸ் தெறித்துக் காய்ந்திருந்தது.

இவர் தொழில் பழகியது அம்பாசடர் கார்களில். அதில் எஞ்சின் விசை பின்சக்கரங்களுக்குப் போகும். முன்சக்கரங்களுக்குத் திரும்புவது மட்டுமே வேலை. 1983இல் வந்த மாருதி 800 முன்சக்கர இழுவை வண்டி. ஒரே சக்கரம் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். சாதாரண யுனிவர்சல் ஜாயிண்ட் சாய்ந்த நிலையில் சுழன்றால் ஒரே சுற்றுக்குள் வேகம் கூடிக் குறையும். அந்தக் குறையைத் தீர்த்தது சிவி ஜாயிண்ட். ஃபோர்டு பொறியாளர் ஆல்ஃபிரட் ரெசெப்பா 1920களில் காப்புரிமை பெற்ற வடிவம்தான் இன்றும் பெரும்பாலான கார்களின் வெளி ஜாயிண்ட்டில் இருக்கிறது: ஆறு எஃகுக் குண்டுகள், அவை ஓட வளைந்த பள்ளங்கள், குண்டுகளைப் பிடித்துவைக்கும் கூண்டு.

ஹப் நட்டின் விளிம்பில் அடித்துவைத்திருந்த மடிப்பை உளியால் நிமிர்த்தினார். பையன் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, நீளக் குழாய் செருகிய ஸ்பேனரால் நட்டைக் கழற்றினார். கீழே பால் ஜாயிண்ட்டைப் பிரித்து, ஆக்ஸிலை வெளியே இழுத்தார். ஜாயிண்ட்டைக் கழுவித் துடைத்து என் கையில் தந்தார். குண்டு ஓடும் பள்ளத்தில் விரலை ஓட்டினால் குழி தட்டுப்பட்டது. கிரீஸ் வெளியேறி, தூசியும் தண்ணீரும் உள்ளே போய் அரித்த குழி. நேராகப் போகும்போது குண்டுகள் அதிகம் நகர்வதில்லை. சக்கரம் திரும்பியதும் ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் ஓடி அந்தக் குழியைக் கடக்கின்றன. நாம் கேட்ட 'டக்' அதுதான்.

அந்த ஜாயிண்ட்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. வலது பக்கப் பூட்டையும் விரித்துப் பார்த்தார். வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது. ஜாயிண்ட்டைக் கழற்றிக் கழுவினால் பள்ளங்கள் வழவழப்பாகவே இருந்தன. புது மாலிப்டினம் கிரீஸை உள்ளங்கையில் எடுத்து, குண்டுகளுக்கிடையே அழுத்தித் திணித்து, புது பூட் மாட்டி, கிளாம்ப்பை இறுக்கினார். ஒரே காரில் ஒரு பக்கம் புது ஜாயிண்ட், மறுபக்கம் ரப்பரும் கிரீஸும் மட்டும். கிழிசலை எப்போது பார்த்தோம் என்பதே இரண்டு செலவுக்கும் இடையிலான வித்தியாசம். புது ஹப் நட்டை டார்க் ரெஞ்ச்சால் முடுக்கி, விளிம்பை மீண்டும் அடித்து மடித்தார். மறுபடி காலி மனை, மறுபடி இரண்டு பக்கமும் வட்டம். சத்தம் இல்லை.

பில்லைப் பார்த்தேன். ஜாயிண்ட், பூட், கிரீஸ், நட், மாட்டும் கூலி. காலையில் கேட்ட கேள்விகளுக்கும், தொட்டுப் பார்த்த சுருள்வில்லுக்கும், அடித்த வட்டங்களுக்கும் அதில் ஒரு வரிகூட இல்லை. "சும்மா பாத்ததுக்கு எப்படிங்க காசு வாங்கறது?" என்றார்.

அவர் சும்மா பார்க்கவில்லை. அந்த ஒரு மணி நேரம்தான் தேவையில்லாத பாகங்களை வாங்கவிடாமல் காரின் உரிமையாளரைக் காப்பாற்றியது. பாகத்துக்கு மட்டும் காசு கொடுத்துப் பழகினால், பாகங்களை மாற்றிக்கொண்டே போகும் பட்டறைகள்தான் பிழைக்கும்; யோசித்துப் பார்க்கும் பட்டறைகள் நொடித்துப்போகும். இந்தப் பையன்களும் கழற்றி மாட்டுவதை மட்டும் கற்றுக்கொண்டு போவார்கள். மருத்துவர் நோயைக் கண்டுபிடிக்கக் கட்டணம் கொடுக்கிறோம்; மெக்கானிக்குக் கொடுப்பதிலும் நியாயம் உண்டு. சத்தம் எப்போது, எந்தத் திருப்பத்தில் வருகிறது என்று கவனித்துச் சொல்லுவோம். சர்வீஸ் விடும்போது ரப்பர் பூட்டைப் பார்க்கச் சொல்லுவோம். பழுதைக் கண்டுபிடித்ததற்கான கூலியை, அவர் கேட்காவிட்டாலும், பில்லில் தனி வரியாக எழுதச் சொல்லிக் கொடுப்போம்.