நாலு திருகாணி

திருடன் வந்து போன பிறகு நாதாங்கியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நாலு திருகாணியும் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. முக்கால் அங்குலம் இருக்கும். அதில் பாதி துரு. நிலையில் அவை இருந்த ஓட்டைகளிலிருந்து பழுப்பு மாவு உதிர்ந்தது. பூட்டில் மட்டும் ஒரு கீறல் கிடையாது. திண்டுக்கல் பித்தளைப் பூட்டு, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அதைக் காட்டிப் பெருமையடித்தவன் நான்.

தூத்துக்குடியில் கடலுக்குக் கிட்டத்தில் குடியிருப்பவனுக்கு உப்புக்காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பித்தளை தாங்கும், இரும்பு தாங்காது. ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடித்தேன். நாதாங்கியை ஒரு நாளும் அசைத்துப் பார்க்கவில்லை. கதவு இழைக்க வந்த ஆசாரி அப்போதே சொன்னார்: "அண்ணாச்சி, இந்தத் திருகாணி நிக்காது. துளை போட்டு போல்ட்ட விட்டு, உள்பக்கம் நட்டு முடுக்கிருவோம்." கேட்டது முந்நூறு ரூபாய். அப்புறம் பார்க்கலாம் என்றேன். மூன்று வருஷம் போயிற்று.

2023 ஆகஸ்ட் 5, பனிமய மாதா திருவிழா. 2013-க்குப் பிறகு தங்கத் தேர் ஓடிய வருஷம். ஊரே மாதாகோவில் பக்கம் திரண்டிருந்தது. நாங்களும் விடியற்காலையிலேயே கிளம்பினோம். கூட்டத்தில் நின்றபடி குடும்பத்தோடு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். வீட்டில் ஆள் இல்லை என்று ஊருக்கே சொன்ன மாதிரி. அது போதாதென்று வாசலில் அந்தப் பூட்டு வேறு வெளியே தொங்கியது. பீரோ சாவி பீரோ மேலேயே இருந்தது. பதினோரு பவுன்.

இதுவரை சொன்னதெல்லாம் அசட்டுத்தனம். இதற்குச் சிரித்துவிட்டுப் போகலாம். நான் ஒப்புக்கொள்ள வந்தது இது இல்லை.

புகார் எழுதும்போது, "யார் மேலயாவது சந்தேகம் உண்டா?" என்று கேட்டார்கள். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். ஒரு மூச்சு விடும் நேரம்கூட எடுக்காமல் எங்கள் வீட்டில் வேலை பார்த்த அம்மாவின் பெயரைச் சொன்னேன். ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். என் அம்மா படுக்கையில் கிடந்தபோது பீத்துணி அலசியவள். சந்தேகத்துக்கு என்னிடம் என்ன காரணம் இருந்தது? பீரோ எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவுதான். அது என் தம்பிக்கும் தெரியும். அவன் பெயர் என் வாயில் வரவில்லை.

மூன்று நாள் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவள் வீட்டு அரிசிப் பானை வரைக்கும் கொட்டிப் பார்த்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டாம் நாள் நான் ஸ்டேஷனுக்குப் போனபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க" என்றாள். செல்போனை எடுத்துப் பார்ப்பதுபோல உள்ளே போய்விட்டேன்.

என் தாத்தா முத்துக் குளித்தவர். அந்தக் காலத்து முத்துக்குளிப்புச் சலாபத்தில் சிப்பியைத் திறக்காமலே பங்கு வைப்பார்கள். சர்க்காருக்கு மூன்றில் இரண்டு, குளியாளுக்கு மூன்றில் ஒன்று. மூச்சை அடக்கிக் கீழே போகிறவன் எவனும் திருடன் என்பது கரையில் நிற்பவனின் கணக்கு. கரையேறிய தாத்தாவை ஒருத்தன் வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுத் துழாவினானாம். 1961-ல் கடைசிச் சலாபம் முடிந்து எத்தனையோ வருஷம் கழித்தும் அதைச் சொல்லிக் காறித் துப்புவார். "அந்த விரல்ல பீடி நாத்தம்ல" என்பார். அந்தத் தாத்தாவின் மடியில் வளர்ந்தவன்தான் நான்.

நாற்பது நாள் கழித்து வேறொரு ஊரில் வேறொரு வழக்கில் இரண்டு பேர் பிடிபட்டார்கள். எங்கள் வீட்டையும் சொன்னார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, தெருவோடு போகும்போது பூட்டு வெளியே தொங்கியது, ஒரு நெம்பில் வந்துவிட்டது என்றார்களாம். நாலு பவுன் மீண்டது. கோர்ட்டில் மனுப் போட்டு வாங்கினேன்.

இப்போது கதவுக்குள்ளேயே பதித்த பூட்டு. வெளியே இருந்து பார்த்தால் ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. வெளியூர் போனால் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகிறேன். எதிர்வீட்டில் பால் பாக்கெட்டை எடுத்து வைக்கச் சொல்கிறேன். நீங்களும் செய்யுங்கள். இன்றைக்கே நாதாங்கியை ஒருமுறை பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

அவள் திரும்ப வேலைக்கு வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். கோவிலுக்குச் சுற்றுவழியாகப் போய்வருகிறேன். அந்த ஆகஸ்ட் மாதத்தில் நாலு நாள் வேலை பார்த்திருந்தாள். அந்தச் சம்பளத்தை இன்னும் நான் கொடுக்கவில்லை.