வேரோடு கொண்டுவந்தவர்

கல்யாண வரவேற்பு மேடைகளில் ஒரு பூவை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். ஆரஞ்சும் நீலமுமாக, கொக்கு எட்டிப் பார்ப்பதுபோல் நிற்கும். 'பேர்ட் ஆஃப் பாரடைஸ்' என்பார் பூக்கடைக்காரர். தென்னாப்பிரிக்கப் பூ. 1773-இல் அது லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்ததை, அபர்டீனில் பிறந்த பிரான்சிஸ் மாசன் கணக்கில்தான் எழுதுகிறார்கள்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் பெரிய தோட்டங்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறையப் பேர். கியூவின் தலைமைத் தோட்டக்காரர் வில்லியம் எய்ட்டனும் அவர்களில் ஒருவர். ஊருக்கு ஊர் பள்ளி இருந்த நாடு ஸ்காட்லாந்து. ஏழை வீட்டுப் பையனும் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு மண்வெட்டி பிடித்தான். இங்கிலாந்துத் தோட்டக்காரர்களுக்கு இதில் எரிச்சல் இருந்ததில் ஆச்சரியமில்லை.

மாசன் கியூவில் சாதாரண வேலையாள். 1772-இல், முப்பத்தொரு வயதில், கேப்டன் குக்கின் 'ரெசல்யூஷன்' கப்பலில் ஏறி நன்னம்பிக்கை முனையில் இறங்கினார். கியூ வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் செடி சேகரிப்பாளர் அவர்தான். அங்கே தாவரவியலாளர் லின்னேயஸின் சீடர் துன்பர்க்கோடு சேர்ந்து மாட்டுவண்டியில் உள்நாடு போனார். ஆற்றைக் கடக்கும்போது துன்பர்க் குதிரையோடு நீர்யானைப் பள்ளத்தில் விழுந்து தப்பினார். துன்பர்க் பெரிய அறிஞர். செடிகளுக்குப் பெயர் வைத்தார், புத்தகம் எழுதினார். எனக்கு மாசன்தான் பெரியவராகத் தெரிகிறார். காய்ந்த இலையைக் காகிதத்தில் ஒட்டி அனுப்பலாம். உயிருள்ள செடியை மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுபோவது வேறு வித்தை. உப்புக்காற்று, எலி, குடிக்கவே போதாத நன்னீர். செடிகளைக் காக்கும் வார்டின் கண்ணாடிப் பெட்டி வர இன்னும் அறுபது வருஷம் இருந்தது. எந்தக் கிழங்கு உறங்கும், எந்த வேர் தாங்கும் என்பதைத் தோட்டக்காரனின் கைதான் அறியும். வழிகாட்டிய ஆப்பிரிக்கர்களுக்கோ இந்தப் புகழில் பங்கே கிடைக்கவில்லை. அது அநியாயம்தான்.

மாசனுக்கும் வாழ்க்கை ஒன்றும் சொகுசாக இல்லை. 1779-இல் கிரெனடா தீவில் பிரெஞ்சுப் படையிடம் சிறைப்பட்டார். மறுவருஷம் செயின்ட் லூசியாவில் புயல் அவருடைய சேகரிப்பை வாரிக்கொண்டு போனது. வெயில் நாடுகளில் அலைந்த மனிதரைக் கடைசியில் கனடாவுக்கு அனுப்பினார்கள். 1805 டிசம்பரில், மாண்ட்ரியல் குளிரில் இறந்தார்.

லண்டன் போகிறவர்கள் கியூவின் பாம் ஹவுஸுக்கு அவசியம் போங்கள். பனைபோலத் தெரியும் சைகட் வகைச் செடி ஒன்று அங்கே சாய்ந்து வளர்ந்திருக்கும். மாசன் நன்னம்பிக்கை முனையிலிருந்து கொண்டுவந்தது. 1775-இல் வந்து சேர்ந்தது. உலகிலேயே வயதான தொட்டிச் செடி என்கிறார்கள். கியூவுக்கு வந்தபின் அது கூம்பு விட்டது ஒரே ஒரு தடவை, 1819-இல். மாசனை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவைத்த ஜோசப் பேங்க்ஸ், தள்ளாத வயதில் அதைப் பார்க்க வந்தார். அடுத்த வருஷம் அவரும் போய்விட்டார். செடி இன்னும் புது இலை விட்டுக்கொண்டிருக்கிறது.