எழுதாக் கணக்கு

ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால்மரம் நின்ற மேட்டில் செங்கற்சுவர் எழுந்து நிற்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளுள் சிலர் அவ்வீடுகளைக் கட்டும் குத்தகையாளராயினர். சிலர் அவற்றுக்குப் பொருள் அனுப்பும் வணிகராயினர். பெருமைக்குரிய உயர்வே இது. ஆயினும், இவ்விருவரும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்கும் நிலையும் வருவதுண்டு. பொருள் சென்றது; பணம் வரவில்லை என்பதே வழக்கு.

இருவரும் ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்கள் என்று வைத்துக்கொண்டால் நிலைமை எளிதில் விளங்கும். “அனுப்புங்கள் அண்ணே, மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார் குத்தகையாளர். லாரி செல்கிறது. வேலையாள் ஒருவர் மூட்டைகளை இறக்குகிறார். ஒப்படைப்புச் சீட்டில் எவரும் கையெழுத்திடவில்லை. மாதங்கள் கழிகின்றன. “எனக்கே மேலிடத்துப் பணம் வரவில்லை” என்பது முதல் மறுமொழி. “அத்தனை மூட்டைகள் வந்து சேரவில்லையே” என்பது அடுத்த மறுமொழி. அண்ணன் தம்பி உறவு அங்கே முறிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றிய 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம், தவணையின்றி விற்ற பொருளை விலை கிடைக்கும்வரை நிறுத்தி வைக்கும் உரிமையை விற்பவருக்கு அளிக்கிறது. வாங்கியவர் கைக்குப் பொருள் முறைப்படி சென்றபின் அவ்வுரிமை இல்லை. சிமெண்டு சுவரானபின் அது நிலத்தோடு சேர்ந்துவிடுகிறது; மூட்டையாக அதை யாரால் மீட்க இயலும்? எஞ்சுவது விலை கேட்டு வழக்குத் தொடுப்பதே. அதனையும் 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி 6 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். வாய்ச்சொல்லும் ஒப்பந்தமே; ஆனால், மறுக்கப்படும்போது அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு பணம் கேட்பவரையே சாரும்.

கட்டுமானத் தொழிலில் பணம் தேங்குவதைத் தவிர்க்க 2012இல் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, 15.4.2014 முதல் நடப்புக்கு வந்தது. கட்டுமானப் பணிக்கு வேண்டிய பொருள்களைப் பெறுவதும் அதனுள் அடங்கும். மேலிருந்து பணம் வந்தால்தான் கீழே தருவேன் என்னும் நிபந்தனை அச்சட்டத்தின்முன் செல்லாது. வாதங்கள் முடிந்தபின் நடுவர் 45 வேலைநாள்களில் முடிவு கூற வேண்டும். வணிகருக்கு மட்டுமன்று, மேலிடத்தை எதிர்நோக்கி வாடும் குத்தகையாளருக்கும் அதுவே புகலிடம். ஆனால், எழுத்தில் அமைந்த ஒப்பந்தத்துக்கே அதன் கதவு திறக்கும்.

எழுத்தின் வலிமையைத் தோட்ட மக்கள் அறியாதவர்களா? செக்ரோலில் பெயர் பதியாத நாளுக்குக் கூலி இல்லை என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்? வெட்டிய பாலின் நிறையைக் கிராணியார் எழுதும்போது, அந்தப் பேனாவைக் கண்கொட்டாமல் பார்த்து நின்றவர்கள் அவர்கள். அவர்தம் மக்களோ, தெரிந்தவரிடம் கையெழுத்துக் கேட்பது அவமதிப்பு என்று கருதுகின்றனர். உண்மையில், அக்கையெழுத்து இருவரையும் காக்கிறது. அனுப்பாத பொருளுக்கு விலை கேட்கப்படாமல் வாங்கியவரும், அனுப்பிய பொருளின் விலையை இழக்காமல் விற்றவரும் பிழைக்கின்றனர்.

பொருளின் பெயர், அளவு, நாள், பெற்றவர் கையொப்பம் ஆகியவை நான்கு வரிகளில் அடங்கிவிடும். தமிழ்ப்பள்ளியில் கடிதம் எழுதப் பழகும் மாணவருக்கு இச்சீட்டையும் எழுதக் கற்பித்தல் நன்று. நட்பை நம்பிப் பொருள் அனுப்பட்டும். அந்த நட்பு நிலைக்கவேனும் கணக்கை எழுதி அனுப்பட்டும்.