பதினொரு மணி நேரமும் ஒரு பித்தளைத் தூக்கும்

திருச்சிக்குப் போய்வரும் நம் குடும்பங்கள் விமானச் சீட்டு தேடும்போது முதலில் பார்ப்பது விலை. அடுத்தது நேரம். பெட்டி எந்த ஊரில் இறங்கும் என்று பார்ப்பவர்கள் குறைவு. நடுவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டிய பயணமென்றால், அந்த நேரம் எப்படிக் கழியும் என்பதை முடிவு செய்வது பெட்டிதான்.

2024 நவம்பரில் முசிறிப் பக்கம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அப்பாவை அழைத்துப் போயிருந்தேன். அப்பாவுக்கு எழுபத்தோரு வயது. திரும்பும்போது திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு நிறுவனம், சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு வேறொரு நிறுவனம். காலை ஆறு மணிக்குச் சாங்கியில் இறங்கி, மாலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து நானூறு வெள்ளிக்கு மேல் மிச்சம் என்பதால் தெரிந்தேதான் அப்படி எடுத்தேன். தனித்தனிச் சீட்டு எடுக்கிறவர்களுக்கு இந்த நீண்ட இடைவெளி ஒரு காப்பும்கூட. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் ஒரு பொறுப்பும் கிடையாது. இரண்டு மணி நேர இடைவெளி வைத்துக்கொண்டு நெஞ்சு படபடக்க ஓடுவதைவிடப் பதினொரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது மேல்.

ஒரே சீட்டில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும். அவர்கள் குடிநுழைவைத் தாண்டாமல், கையை வீசிக்கொண்டு உள்ளேயே சுற்றலாம். முனையம் 3இல் பட்டாம்பூச்சித் தோட்டம், முனையம் 2இல் சூரியகாந்தித் தோட்டம், இலவசத் திரையரங்கு எல்லாம் உள்பக்கம்தான். ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் இடைவெளி உள்ளவர்களுக்கு நகரத்தைச் சுற்றிக்காட்டும் இலவசப் பேருந்துப் பயணமும் உண்டு. குடிநுழைவைத் தாண்டி வந்துவிட்டவர்களுக்கு அதில் இடமில்லை.

எங்களைப் போல இரண்டு சீட்டு எடுத்தவர்கள் பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். வெளியே வந்த பெட்டி சிங்கப்பூருக்குள் வந்த பெட்டியாகத்தான் கணக்கு. மாமாவுக்கென்று சிகரெட் வைத்திருந்தால் ஒரு பெட்டிக்குக்கூட அங்கே வரிவிலக்கு இல்லை. சூயிங்கம், மின்சிகரெட் இரண்டுக்கும் அனுமதியே இல்லை. வருகை அட்டையை இணையத்தில் மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் இணையப் பக்கங்களும் உண்டு, அவற்றின் பக்கமே போக வேண்டாம். எடை விஷயமும் இருக்கிறது. திருச்சியில் முப்பது கிலோ ஏற்றிவிட்டு, பினாங்கு விமானத்துக்கு இருபது கிலோதான் வாங்கியிருந்தால், மிச்சப் பத்துக் கிலோ மாவும் மசாலாவும் சாங்கி முகப்பில் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் முழுப் பயணத்துக்கும் அளவு.

எங்களிடம் இரண்டு பெட்டி, என் முதுகுப்பை, அப்பாவின் துணிப்பை. சிக்கல் அந்தத் துணிப்பையில்தான் இருந்தது.

அதற்குள் இருந்தது ஒரு பித்தளைத் தூக்கு, என் பாட்டியுடையது. 1937இல் பதினைந்து வயதில் கல்யாணமாகி, நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறியபோது, மூன்று வருடத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித் தன் சீர்ப் பாத்திரத்தில் சிலதைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தாளாம். பிறகு சண்டை வந்தது. பிறகு பிள்ளைகள், தோட்டம், பால்மரம். பாட்டி போகவேயில்லை. கல்யாண வீட்டில் தங்கையின் பேரன் அதை எடுத்துவந்து அப்பாவின் கையில் கொடுத்தார். மூடியில் பாட்டியின் பெயர் வெட்டியிருக்கிறது, கடைசி இரண்டு எழுத்து தேய்ந்துவிட்டது. அத்தை அதற்குள் அதிரசமும் முறுக்கும் போட்டு மூடினார். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாதாம்.

ஸ்ரீரங்கத்துக் கோபுர வண்ணங்களோடு பளபளக்கும் திருச்சியின் புதிய முனையத்தில் தூக்கை ஒருமுறை திறந்து காட்டினோம். விமானத்தில் அது அப்பாவின் காலடியில் வந்தது. சாங்கியில் தள்ளுவண்டியில் பெட்டிகளை ஏற்றியபோது, துணிப்பையையும் மேலே வைக்கச் சொன்னேன். அப்பா வைக்கவில்லை.

இறங்கியது முனையம் 2. கிளம்ப வேண்டியது முனையம் 1. பெட்டிகளைக் காசு கொடுத்து வைக்கும் பாதுகாப்பு அறைகள் முனையங்களிலும் ஜூவலிலும் இருக்கின்றன. பலர் இறங்கிய இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். கிளம்பும் முனையத்துக்குப் பக்கத்தில் வைப்பதுதான் சரி. மாலையில் கால் ஓய்ந்தபிறகு பெட்டிக்காக இன்னொரு முனையத்துக்குப் போய்வருவது கொடுமை. ஜூவல் முனையம் 1ஐ ஒட்டியே இருக்கிறது. முனையம் 2இலிருந்து இணைப்புப் பாலத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்விடலாம். சில நிறுவனங்கள் பயண நாளன்று பல மணி நேரம் முன்பே பெட்டியை வாங்கிக்கொள்ளும், அப்படியானால் இந்தச் செலவும் மிச்சம். எங்கள் நிறுவனம் வாங்கவில்லை.

அங்கே பெட்டியின் அளவுக்கு ஏற்பக் கட்டணம், 24 மணி நேரக் கணக்கு. கொடுப்பதற்கு முன் கடப்பிதழ், நகை, மின்கல வங்கி, அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரை எல்லாவற்றையும் முதுகுப்பைக்கு மாற்றினேன். இரண்டு பெட்டியும் உள்ளே போயின. முகப்பிலிருந்த பெண் துணிப்பையைக் காட்டி அதுவுமா என்று கேட்டார். அப்பா அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“இது இருக்கட்டும்மா. நான் வச்சிக்கிறேன்.”

“பதினொரு மணி நேரம்ப்பா. தூக்கிக்கிட்டே நடக்க முடியுமா?”

“தூக்கு, தூக்குறதுக்குத்தானே.”

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். லிட்டில் இந்தியா போய்வரலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். விமான நிலையத்தில் ரயில் ஏறி எக்ஸ்போவில் நீலப் பாதைக்கு மாறினால் நேராக அங்கேயே கொண்டுபோய் விடும். வங்கி அட்டையைத் தட்டினாலே போதும், பயணச்சீட்டு வரிசையும் வேண்டாம். கை காலியாக இருக்கும் இளைஞர்களுக்கு நல்ல யோசனை. இரவெல்லாம் தூங்காத அப்பாவையும் ஒன்றரைக் கிலோ பித்தளையையும் வைத்துக்கொண்டு அது நடக்காது என்று விட்டுவிட்டேன்.

முதலில் பசியாறப் போனோம். சாங்கியின் பணியாளர் உணவகங்களில் வெளியாரும் சாப்பிடலாம் என்பது பலருக்குத் தெரியாது. கடைத்தொகுதிகளைவிட விலை குறைவு. அதைவிட, அங்கே விமான நிலையத்தின் வேறு முகத்தைப் பார்க்கலாம். இரவு வேலை முடிந்தவர்கள் கஞ்சி குடிக்கிறார்கள், காலை வேலைக்கு வந்தவர்கள் அட்டையைச் சரிசெய்துகொள்கிறார்கள். பக்கத்து மேசையில் துப்புரவுச் சீருடையில் இருந்த தம்பி, அப்பா தூக்கை மேசைமேல் வைத்ததும் திரும்பிப் பார்த்தார்.

“ஊருலேர்ந்தா ஐயா? எங்க அப்பத்தாகிட்ட இதே மாதிரி இருந்துச்சு.”

அவருக்குப் புதுக்கோட்டைப் பக்கம். ஊருக்குப் போய் மூன்று வருடம் ஆகிறதாம். அப்பா மூடியைத் திறந்து ஓர் அதிரசம் கொடுத்தார். அவர் பாதியைத் தின்றுவிட்டு, மீதியைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு முனையம் 1இன் புறப்பாட்டுக் கூடம். அங்கே கூரையிலிருந்து செம்பு பூசிய 1,216 துளிகள் கம்பியில் தொங்குகின்றன. 2012இல் வைத்தது. மேலும் கீழும் அசைந்து அலையாக, பறவையாக, விமானமாக உருமாறிக்கொண்டே இருக்கும். பெரிய இயந்திரம்தான், ஆனால் சத்தமே கேட்காது. வானொலியில் இருப்பதால் போகும் இடமெல்லாம் காது முதலில் போகிறது எனக்கு. முனையம் 2இல் முன்பு விமானங்களின் பெயர்ப்பலகை படபடவென்று எழுத்து மாற்றும் சத்தம் இருந்தது. 2020இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லாம் திரை. புதுப்பித்த முனையம் 2இன் கூடத்தில் அருவியே திரையில்தான் விழுகிறது. அதையும் அழகு என்கிறார்கள், அழகுதான். எனக்கென்னவோ அந்தப் படபடப்பு பிடித்திருந்தது.

ஜூவலின் நிஜ அருவி காலையில் விழாது, பத்து மணிக்கு மேல்தான். சீக்கிரம் இறங்குகிறவர்கள் முதலில் கால் நீட்டி ஒரு தூக்கம் போட்டுவிட்டு வரலாம். 40 மீட்டர் உயரம், கட்டடத்துக்குள் விழும் அருவிகளில் உலகிலேயே உயரமானது. 2019இல் திறந்தபோது எல்லோரும் கைப்பேசியில் பார்த்ததுதான். நேரில் பார்த்தால் சுற்றிலும் உள்ள மரங்களும் படிக்கட்டுத் தோட்டமும்தான் உட்கார வைக்கின்றன. நடக்கக் கட்டணம் இல்லை. மேல்தளப் பூங்காவுக்கு மட்டும் சீட்டு. இரண்டு முனையங்களுக்கு இடையே ஓடும் குட்டி ரயில் அருவியை ஒட்டிப் போகும்போது, குழந்தைகள் கத்துவது நன்றாகக் கேட்டது.

அப்பா மரத்தடியில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் விழத் தொடங்கியதும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, நான் கேட்காமலேயே பேசினார்.

“ஒங்க பாட்டிய ஜெரஜாக்குல எறக்குனாங்கல்ல, அப்ப மூட்டைய வாங்கிட்டுப் போயி ஆவியில வெச்சுத்தான் திருப்பிக் குடுத்தாங்களாம். கூறைச்சீலை சாயம் போயி எல்லாத்துலயும் ஒட்டிக்கிச்சி. ஒரு வாரம் அந்தத் தீவுல ஒக்காந்திருந்திருக்கா. சாவுற வரைக்கும் அந்தச் சீலையப் பத்திச் சொல்லுவா. கப்பலப் பத்திகூட அவ்வளவு சொன்னதில்ல.”

பட்டர்வொர்த்திலிருந்து பாலத்தில் பினாங்குக்குப் போகும்போது தெற்கே தெரியும் தீவு அது. நோய்த்தடுப்புக்காக அந்நாளில் கப்பல் ஆட்களை அங்கேதான் தங்கவைத்தார்கள். வேலைக்கு நான் தினமும் அந்தப் பாலத்தில் போகிறேன். சீலையின் கதையை அப்பா அன்றுதான் சொன்னார்.

அவர் எப்போதும் பெட்டியை யாரிடமும் கொடுக்க யோசிப்பவர். பேருந்தில் அடியில் வைக்க மாட்டார், காலுக்கிடையில்தான். வீட்டில் நாங்கள் கேலி செய்வோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். தலையணை உறைக்குள் கடப்பிதழை வைத்துத் தைக்கும் அத்தை, எடை கூடினாலும் ஊறுகாய்ப் போத்தலைக் கைப்பையிலிருந்து எடுக்காத மாமா.

அதற்குப் பிறகு நேரம் சீக்கிரம் போனது. அப்பா உட்கார்ந்தபடியே ஒரு மணி நேரம் தூங்கினார், கை மட்டும் தூக்கின் பிடியில். நான் அடுத்த வாரத்து நிகழ்ச்சிக்குக் குறிப்பு எழுதினேன். இரண்டரை மணிக்குப் பெட்டிகளை எடுத்து, முகப்பு திறந்ததும் கொடுத்துவிட்டோம். ஒன்று பதினெட்டு கிலோ, இன்னொன்று பத்தொன்பதரை. உள்ளே போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாங்கியின் முனையம் 1, 2, 3இல் பாதுகாப்புச் சோதனை விமான வாயிலில்தான். உள்ளே வந்தபிறகு ஆசையாகத் தண்ணீர் பிடித்து நிரப்பினாலும், வாயிலில் கொட்ட வேண்டிவரும். போத்தலை அதற்கு முன்பே குடித்து முடித்துவிடுங்கள்.

வாயிலுக்கு நடக்கும் வழியில் அப்பா கழிப்பறைப் பக்கம் நின்றார். தூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இந்தா, புடி. மொகம் கழுவிட்டு வந்துடறேன்.”

காலையிலிருந்து அவர் அதைக் கைமாற்றியது அப்போதுதான். எதிரிலிருந்த கடையில் காப்பி வாசம் வந்தது, வரிசையும் இல்லை. நான் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, தேய்ந்துபோன இரண்டு எழுத்தையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு, அவர் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.